மீன்வள, வனவிலங்கு அலுவலகத்தின் தலைமை நாற்காலியில் முதல் ஆண்டு

முதல் நாளே ஒரு கோப்பு மேசைக்கு வரும். அதில் ஓர் எண் இருக்கும்: இந்த ஏரியில் இவ்வளவு மீன், அந்தக் காட்டில் இத்தனை மான், கழிமுகத்தில் இத்தனை ஆயிரம் வாத்து. அதற்குக் கீழே உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். அவசரம் என்பார்கள். அந்த எண்ணை யார், எந்த மாதத்தில், எப்படி எண்ணினார்கள் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேனாவை எடுங்கள். இந்த வேலையில் நடக்கும் பெரிய தப்புகளில் பாதி, அந்தக் கேள்வியை யாரும் கேட்காததால் வந்தவை.

களத்தில் பல வருஷம் சுற்றிவிட்டு நாற்காலிக்கு வந்தவன் நான். உயிரியல் படித்துவிட்டு வருபவர்களுக்கு விலங்கு தெரியும், கோப்பு தெரியாது. பொது நிர்வாகத்திலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்குக் கோப்பு தெரியும், மீன் தெரியாது. இரண்டு தரப்பையும் மனசில் வைத்துத்தான் எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு சட்டமும் பதவிப் பெயரும் மாறும். வேலையின் போக்கு அவ்வளவாக மாறுவதில்லை.

முதல் வாரம்: அதிகாரமும் பணமும்

சட்டப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிக்க உட்காராதீர்கள். மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள். உங்கள் கையெழுத்து ஒன்றிலேயே நடக்கக்கூடியது எது, மேலிடத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டியது எது, பக்கத்துத் துறையின் கையில் இருப்பது எது. மூன்றாவதுதான் தொல்லை. மீன் உங்களுடையது, தண்ணீர் பாசனத் துறையுடையது, கரை வருவாய்த் துறையுடையது, தண்ணீரில் கலக்கும் கழிவு மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்களின் பொறுப்பு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த அலுவலகங்களில் நள்ளிரவிலும் போனை எடுக்கக்கூடிய ஆள் யார் என்று இந்த வாரமே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் செத்து மிதக்கிற காலையில் போய் அறிமுகம் செய்துகொள்ள முடியாது.

அடுத்து பணம். எவ்வளவு வருகிறது என்பதைவிட எங்கிருந்து வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் 1937-இல் வந்த ஒரு சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. 1950-இல் தூண்டில் சாமான்களுக்கும் அதே ஏற்பாடு வந்தது. ஆனால் ஒரு கட்டு உண்டு: வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்தை மாநிலம் வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது, எடுத்தால் இந்தப் பங்கை இழக்க வேண்டி வரும். பல பத்தாண்டுகளாக அந்தத் துறைகளைக் காப்பாற்றி வருவது அந்த ஒரு நிபந்தனைதான். அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணம் வேட்டைக்காரர்களிடமிருந்து வந்தால் மானுக்கும் வாத்துக்கும் கவனிப்பு கிடைக்கும். தவளைக்கும் வௌவாலுக்கும் கேட்க ஆள் இருக்காது. உங்கள் பட்ஜெட்டைப் பார்க்கும்போது யாருக்குப் பணம் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களுக்கும் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மேல் வரிசையில் உங்கள் உயிரினங்கள் முட்டையிடுவது, வலசை வருவது, குட்டி போடுவது. கீழ் வரிசையில் ஒதுக்கீடு வரும் மாதம், டெண்டர் விடும் மாதம், கணக்கு முடிக்கும் மாதம். இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஆமைகள் முட்டையிட்டு முடித்து ஒரு மாதம் கழித்து, கூடுகளைச் சுற்றிக் கட்ட வேண்டிய வேலிக் கம்பி லாரியில் வந்து இறங்கியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பியின் தரத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் மாதம்: எண்ணிக்கை எப்படி உருவாகிறது

ஒரு கணக்கெடுப்புக்காவது நேரில் போங்கள். தலைவராக அல்ல, குறிப்பேடு தூக்குபவராக.

நான் முதன்முதலில் நீர்ப்பறவை எண்ணப் போனது விடியற்காலையில். கரையோரமாக நடந்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று, கூட்டம் கூட்டமாக எண்ணி எழுதிக்கொண்டே போனேன். கூட வந்த வயதான காவலர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். ஐந்தாவது வளைவில், "ஐயா, மூணாவது வளைவுல எண்ணினீங்களே, அதுங்கதான் எழும்பி வந்து இங்க உக்காந்திருக்கு" என்றார். அதற்கு முந்தைய வருஷங்களின் கணக்கெல்லாம் இப்படி ஒற்றை ஆள் கரையில் நடந்து எடுத்ததுதான். அடுத்த தடவை நான்கு பேர் நான்கு இடத்தில் ஒரே நேரத்தில் நின்றோம். எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. பறவை குறைந்துவிட்டதா என்று மேலிடம் கேட்டது. குறையவில்லை, இரண்டு தடவை எண்ணுவதை நிறுத்தியிருக்கிறோம் என்று விளக்க எனக்கு மூன்று கடிதம் தேவைப்பட்டது.

இதுவே பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம் இருக்கிறது. கால்தடத்தை வைத்துப் புலிகளை எண்ணிய காலம் அது. 2004-இல் ஏட்டின்படி அங்கே பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள். 2005 தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்பது வெளியே வந்தது. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டிருந்தார்கள்; ஏட்டில் மட்டும் புலிகள் நடமாடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு வேறு என்பதால் தானியங்கி கேமராவில் விழும் படத்தை வைத்து ஆளுக்கு ஆள் பிரிக்கலாம். 2006 முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பு அந்த வழிக்கு மாறியது.

மீனில் இது இன்னும் வஞ்சகமான விஷயம். நியூஃபவுண்ட்லாந்து கடலின் காட் மீனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீன் குறையக் குறைய, மிச்சம் இருப்பவை சிதறி வாழாமல் ஒரு சில இடங்களில் கூடிக்கொள்கின்றன. பெரிய இழுவைக் கப்பல்கள் சோனார் வைத்து அந்தக் கூட்டத்தைத் தேடிப் போய் வலை போடுகின்றன. ஆக, கடலில் மீன் தீர்ந்துகொண்டே வரும்போதும் ஒரு மணி நேர இழுவைக்கு இவ்வளவு மீன் என்ற கணக்கு மட்டும் நன்றாகவே இருக்கும். அந்தக் கணக்கை நம்பி இருப்பை மிகையாக மதிப்பிட்டார்கள். கரையோரச் சிறு மீனவர்களோ 1980-களின் நடுவிலிருந்தே மீன் சிறுத்துவிட்டது, வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கூட்டத்தைத் துரத்திப் போகும் கப்பல் இல்லை. மீன் தங்கள் பக்கம் வந்தால்தான் உண்டு. அதனால் அவர்களுக்கு முதலில் தெரிந்தது. 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இரண்டு வருஷம் என்று சொல்லித் தொடங்கிய தடை 2024 வரை நீண்டது.

ஆகவே எந்த எண் வந்தாலும் அதோடு மூன்று துணைத் தகவல்களைக் கேளுங்கள். எவ்வளவு உழைப்பில் கிடைத்தது: எத்தனை ஆள், எத்தனை மணி நேரம், எத்தனை வலை. போன தடவையும் இதே முறைதானா. கீழ் எல்லை, மேல் எல்லை என்ன. "ஐயா, 412" என்று ஒற்றை எண்ணாகக் கொண்டுவருபவரிடம், "320-லிருந்து 500-க்குள் என்று சொல்லலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்தால் அவர் நல்ல கணக்காளர். எல்லை சொல்வதைப் பலவீனம் என்று முந்தைய அதிகாரி திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

எண் வருவதற்கு முன்பே முடிவெடுங்கள்

இதைத்தான் புதியவர்கள் கடைசியில் கற்றுக்கொள்கிறார்கள். மீன் குறைந்துவிட்டது என்று அறிக்கை வந்த பிறகு கூட்டம் போட்டால் அந்தக் கூட்டம் எண்ணைப் பற்றிய சண்டையாகத்தான் முடியும். யாருக்கு நஷ்டமோ அவர் எண்ணைச் சந்தேகிப்பார். அதனால் எண் வருவதற்கு ஆறு மாதம் முன்பே எல்லோரையும் உட்கார வைத்து, இதற்கு மேல் இருந்தால் வழக்கம்போல, இதற்குக் கீழே போனால் பாதி நாள், அதற்கும் கீழே போனால் முழுவதும் மூடல் என்று படிக்கட்டாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வட அமெரிக்காவில் காட்டு வாத்துகளை 1955 முதல் ஒவ்வொரு வருஷமும் எண்ணி வருகிறார்கள். 1995 முதல் அந்த எண்ணை வைத்து வேட்டை விதியை எப்படி மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட முறையில் செய்கிறார்கள். அதற்கு முன் வருஷா வருஷம் நடந்த வாக்குவாதம் வெகுவாக அடங்கியது. உங்கள் அலுவலகத்தில் கணினியில் கணிக்கும் முறை எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு பக்கத் தாள் போதும்.

விதி எழுதும்போது

இரவு இரண்டு மணிக்கு ஒற்றைக் காவலர் கையில் டார்ச்சும் அளவுப் பலகையும் வைத்துக்கொண்டு சரிபார்க்க முடியாத விதியை எழுதாதீர்கள். "முதிர்ச்சி அடைந்த மீனை மட்டும் பிடிக்கலாம்" என்று எழுதினால் நீதிமன்றத்தில் வக்கீல்களுக்கு நல்ல வேலை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை இத்தனை சென்டிமீட்டர் என்று எழுதினால் காவலருக்கு வேலை நடக்கும்.

குறைந்தபட்ச அளவு வைப்பதற்குக் காரணம், ஒரு தடவையாவது முட்டையிட விடுவது. ஆனால் அது மட்டும் போதாது. பல இனங்களில் ஒரு பெரிய தாய் மீன் இடும் முட்டைகள், அதே எடைக்கு நிற்கும் சின்ன மீன்கள் பல சேர்ந்து இடுவதைவிட அதிகம். எனவே சின்னதையும் விடு, ரொம்பப் பெரியதையும் விடு, நடுவில் உள்ளதை மட்டும் எடு என்ற இரட்டை எல்லை பல ஏரிகளில் நன்றாக வேலை செய்கிறது. தூண்டில்காரர்களிடம் இதை ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டம். பெரிய மீனோடு படம் எடுப்பதற்காகத்தானே அவர்கள் வருகிறார்கள். படம் எடுத்துவிட்டு உடனே விடலாம் என்று எழுதிவிடுங்கள், பாதி எதிர்ப்பு போய்விடும். வலைக்காரர்கள் விஷயம் வேறு: வலையில் சிக்கியதை உயிரோடு திருப்பி விடுவது பெரும்பாலும் நடக்காது. அங்கே மீனின் நீளத்தை விட்டுவிட்டு வலைக்கண்ணின் அளவைப் பிடியுங்கள்.

மீன் செத்து மிதக்கும் காலை

இது உங்கள் முதல் ஆண்டிலேயே வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் வந்ததும் கிளம்புங்கள். காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மணி நேரம் தாமதித்தால் சாட்சி போய்விடும்.

காரணம் இது. இரவு முழுக்கப் பாசியும் செடியும் மீனும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும், தண்ணீரில் புதிதாக உண்டாவது குறைவு. சூரியன் எழுவதற்குச் சற்று முன்புதான் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். வெயில் ஏறியதும் பாசி மறுபடி ஆக்சிஜனை விட ஆரம்பிக்கும். பத்து மணிக்கு நீங்கள் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலக் காட்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்கு நிம்மதி. 2-க்குக் கீழே போனால் திணறல். எனவே ஆக்சிஜன் அளக்கும் மீட்டரை முந்தைய இரவே சார்ஜ் போட்டு வண்டியில் வைத்திருக்கும் பழக்கம் வேண்டும்.

கரைக்குப் போனதும் செத்த மீன்களின் அளவைப் பாருங்கள். பெரியவை செத்து, சின்னவை மேற்பரப்பில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறைதான் என்று சந்தேகிக்கலாம். பெரியது சின்னது, அந்த இனம் இந்த இனம், தவளை, நண்டு என்று எல்லாமே ஒன்றாகக் கிடந்தால் நஞ்சு கலந்ததா என்று பாருங்கள். மேலே எந்த இடத்தில் சாவு தொடங்குகிறது என்று நீரோட்டத்துக்கு எதிராக நடந்து போங்கள். சாவு தொடங்கும் இடத்துக்கு மேலே ஒரு போத்தல் தண்ணீர், அங்கேயே ஒன்று, கீழே ஒன்று. ஐஸில் வையுங்கள். போத்தலின் மேல் நேரம், இடம், எடுத்தவர் கையெழுத்து. அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒரு சீட்டு கூடவே போக வேண்டும். இல்லாவிட்டால் ஆலைக்காரரின் வக்கீல் முதல் கேள்வியிலேயே அதை ஒன்றுமில்லாமல் செய்துவிடுவார். அழுகிய மீன் ஆய்வகத்துக்குப் பயன்படாது. செவுள் இன்னும் சிவப்பாக இருக்கும், சாகப்போகும் மீன்கள் நாலைந்து கிடைத்தால் அதுதான் பொக்கிஷம்.

பத்திரிகைக்காரர்கள் வந்துவிடுவார்கள். அளந்ததைச் சொல்லுங்கள், முடிவு வர எத்தனை நாள் ஆகும் என்பதைச் சொல்லுங்கள். காரணத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். அன்று சாயங்காலமே அந்த ஊகம் உங்கள் வாயிலிருந்து வந்த தீர்ப்பாக ஒளிபரப்பாகும்.

மீன்குஞ்சு விடும் விழாக்கள்

எந்த ஏரியில் மீன் குறைந்தாலும் "குஞ்சு விடுங்கள்" என்று ஒரு குரல் எழும். விழா எடுக்கத் தோதான வேலை அது. பானையைக் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஏன் குறைந்தது என்று தெரியாமல் குஞ்சு விடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். ஆற்றங்கரையில் நிழல் போய்விட்டதா, முட்டையிடும் கூழாங்கல் படுகையில் மணல் மூடிவிட்டதா, தடுப்பணை வழியை அடைத்துவிட்டதா என்று பாருங்கள். பண்ணையிலிருந்து வரும் குஞ்சோடு நோயும் வரலாம்.

வெளியூர் இனத்தை விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விக்டோரியா ஏரியில் 1950-களில் நைல் பெர்ச் விடப்பட்டது. பெரிய மீன், ஏற்றுமதிக்குப் பணம் கொட்டியது. அந்த ஏரியில் மட்டுமே வாழ்ந்துவந்த சின்ன மீன் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன, அல்லது அழிவின் விளிம்புக்குப் போயின. திருப்பி எடுக்க வழியே இல்லை. மறுப்பை எழுத்தில் கொடுங்கள், காரணத்தோடு, ஒரு பக்கத்துக்குள். வாய்மொழியாக மறுத்தால் அடுத்தவர் வந்ததும் அதே கோரிக்கை புதிதாக வரும்.

யாருக்கும் தெரியாத வேலைகளைக் காப்பாற்றுவது

வட அமெரிக்கப் பேரேரிகளில் லாம்ப்ரே என்று ஒட்டுண்ணி மீன் ஒன்று. கால்வாய் வழியாக நுழைந்து டிரவுட் மீன்களின் உடம்பில் ஒட்டி ரத்தத்தை உறிஞ்சி மீன்வளத்தையே சாய்த்தது. அதன் குஞ்சுகள் ஓடைகளின் சேற்றில் பல வருஷம் புதைந்து வளரும். அந்தக் குஞ்சுகளைக் கொல்லும் மருந்தை 1958 முதல் ஓடை ஓடையாக விட்டு, லாம்ப்ரே எண்ணிக்கையைச் சுமார் 90 சதவீதம் குறைத்தார்கள். அறுபது வருஷமாக நடக்கிற வேலை. கொரோனா காலத்தில் 2020, 2021-இல் கள வேலை குறைந்தது. லாம்ப்ரே மறுபடி ஏறியது.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு வேலை இருக்கும். ஆகாயத்தாமரை அகற்றுவது, மீன்கள் அணையைத் தாண்டிப் போகக் கட்டிய மீன் ஏணியில் அடைத்த குப்பையை எடுப்பது, தெருநாய்களுக்கு ஊசி போடுவது. வெற்றி பெற்றால் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். சிக்கனம் என்று கத்தரிக்கோலோடு வருபவர்கள் முதலில் கை வைப்பது அங்கேதான். இந்த வேலைகளை மட்டும் தனியாக ஒரு பட்டியல் எடுத்து, நிறுத்தினால் எத்தனை வருஷத்தில் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள். பட்ஜெட் கூட்டத்துக்குப் போகும்போது அந்தத் தாள் பையில் இருக்கட்டும்.

ஊருக்குள் வரும் விலங்கு

பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விடுங்கள் என்பார்கள். எளிதாகத் தலையாட்டாதீர்கள். மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டபோது மனிதர்கள் மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது என்று ஆய்வில் தெரிந்தது. பழகிய இடத்திலிருந்து பெயர்த்த விலங்கு திரும்பி வரப் பார்க்கும், அல்லது புது ஊரில் தடுமாறும். காலியான இடத்துக்கு இன்னொன்று வரும்.

இழப்பீடு விஷயத்தில் தொகையைவிட வேகம் முக்கியம். ஆடு செத்த மூன்றாம் நாள் பணம் வந்தால் அந்த விவசாயி உங்களுக்குத் தகவல் சொல்லும் ஆளாகிவிடுவார். எட்டு மாதம் இழுத்தால் அடுத்த ஆட்டின் உடலில் விஷம் தடவி வைத்துவிடுவார். அது சிறுத்தையோடு நிற்காது, பிணந்தின்னும் பறவை, நரி என்று போகும்.

உங்கள் ஆட்கள்

காவலர்களின் பூட்ஸைப் பாருங்கள். பிய்ந்திருந்தால் உங்கள் ரோந்துப் பதிவேட்டில் பாதி கற்பனை. டார்ச் பேட்டரியைச் சொந்தக் காசில் வாங்குகிறார்களா, படகில் உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, தினக்கூலிக்காரர்களுக்குக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். கேட்டால் மட்டும் போதாது, ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஒன்றையாவது சரிசெய்து காட்டுங்கள். அப்புறம்தான் உண்மையான எண்கள் உங்களிடம் வர ஆரம்பிக்கும். குறைந்த எண் கொண்டுவந்தவரைத் திட்டினீர்கள் என்றால் அடுத்த வருஷம் நல்ல எண்ணாகவே வரும், சரிஸ்காவுக்கு வந்ததுபோல.

செல்வாக்குள்ளவரின் படகைப் பிடித்துவிட்டு உங்களுக்குக் காவலர் போன் செய்வார். அந்த இரவு நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை மொத்த அலுவலகமும் மறுநாள் காலைக்குள் தெரிந்துகொள்ளும்.

கிளம்பும்போது

இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றல் வரும். கடைசி வாரம் எழுதலாம் என்று நினைக்காதீர்கள்; பிரிவுபசார விழாவிலேயே அந்த வாரம் போய்விடும். முதல் மாதத்திலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். எந்த வருஷம் எண்ணும் முறையை மாற்றினோம், அதனால் எந்த வருஷத்தை எந்த வருஷத்தோடு ஒப்பிடக் கூடாது. எந்தக் கிராமத்தில் யார் சொன்னால் கூட்டம் அடங்கும் (பெயரை எழுத வேண்டாம், காவலரைக் கேட்கச் சொல்லுங்கள்). எழுத்தில் இல்லாத என்னென்ன வாக்குறுதிகளைக் கொடுத்திருக்கிறீர்கள். மதகுச் சாவி எந்த இழுப்பறையில் இருக்கிறது. ஆக்சிஜன் மீட்டர் எப்போதும் 0.4 கூடுதலாகக் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள். புதியது வாங்கப் போட்ட கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பதையும்.